சண்டைக்கு ஒரு டம்ளர் சாத்துக்குடி

தர்மபுரி மாவட்டத்திலேயே மோசமாக ஜூஸ் போடுகிறவர் யார் என்று போட்டி வைத்தால், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை வைத்திருக்கும் மிக்ஸிக்காரருக்குத்தான் முதல் பரிசு. இரண்டாம் பரிசுக்கு ஆளே கிடையாது. நல்ல சாத்துக்குடியை வாங்கிக் கசாயமாக்கித் தருகிற வித்தை அவர் ஒருவருக்குத்தான் கைவந்திருந்தது. அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. கடை போர்டில் இருந்த பெயரை வெயில் தின்றுவிட்டது. ஊர் மிக்ஸிக்காரர் என்று கூப்பிட்டது, அவரும் திரும்பிப் பார்த்தார்.

அவரிடம் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு குடும்பச் சண்டை. என் தங்கை செல்வியும் அவள் கணவரும் பிரிந்துவிட்டார்கள். அவர்களுடைய ஆறு வயது மகள் யாழினி செல்வியோடு எங்கள் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை காலை மாப்பிள்ளை இண்டூரிலிருந்து வந்து பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும், ஞாயிறு சாயங்காலம் திரும்ப விட வேண்டும் என்று கோர்ட்டில் ஏற்பாடு. கைமாற்றும் இடம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு. பொது இடம், நாலு பேர் இருப்பார்கள், சண்டை வராது என்று இரண்டு வக்கீல்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நாலு பேர் இருந்தால்தான் எங்கள் குடும்பத்துக்குத் தொண்டையே திறக்கும் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

"புள்ளைக்குத் தலைக்கு எண்ணெகூட வெக்கலீங்களா?" என்று ஆரம்பிப்பார் மாப்பிள்ளை.

"போன வாரம் ஒத்தச் செருப்போட அனுப்பி வெச்சீங்களே, அதுக்கு என்னாங்க பதிலு?" என்பாள் செல்வி.

எங்கள் பக்கத்தில் சண்டையில் மானம் போனாலும் 'ங்க' போகாது. கூட்டம் கூடிவிடும். கிளம்ப வேண்டிய பஸ் கிளம்பாது, முடிவு தெரியாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, தாய்மாமன் என்கிற ஹோதாவில் என் பங்குக்குக் கத்துவேன். நடுவில் யாழினி ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். அழவும் மாட்டாள், பேசவும் மாட்டாள்.

"இன்னொரு தடவ சண்ட நடந்தா, சனிக்கிழம அனுப்பறதையே நிறுத்தச் சொல்லி மனு போட்டுரலாம்" என்றார் எங்கள் வக்கீல். செல்வியும் தலையாட்டிவிட்டாள். யாழினிக்கோ அப்பா என்றால் உயிர். வெள்ளிக்கிழமை இரவே சனிக்கிழமைக்கான கவுனை எடுத்து வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை.

அடுத்த சனிக்கிழமையும் மாப்பிள்ளை எண்ணெயில் ஆரம்பித்தார். அப்போது எதிர்க் கடையிலிருந்து லுங்கியும் பனியனுமாக, கையில் பாதி உரித்த சாத்துக்குடியோடு ஒருவர் சாலையைக் கடந்து வந்தார். அவருக்கு வீட்டுப் பேச்சு கன்னடம். கோபம் வந்தால் அதுதான் முதலில் வரும். "சும்னிரி!" என்று ஒரு அதட்டல். பாஷை புரியாதவர்கள்கூட வாயை மூடினார்கள். பிறகு தமிழுக்கு வந்தார்.

"கொழந்தய வெயில்ல காயப்போட்டுட்டு இங்க என்னாங்க பஞ்சாயத்து? எல்லாம் கடைக்குள்ள வாங்க!"

அந்தக் கடைக்கு இரண்டு வாசல். முன்வாசல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பின்வாசல் தக்காளி மண்டித் தெருப் பக்கம். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். செல்வி முன்வாசல், மாப்பிள்ளை பின்வாசல். நடுவில் மேடை, மேடை மேல் மிக்ஸி. பிள்ளை மேடையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான்.

"இருந்தாலும் இவங்க அம்மா இருக்காங்களே, அவங்க ஒரு..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

கர்ர்ர்ர்ர்! மிக்ஸி ஓடியது. அந்த ஜாடி ஓடினால் பஸ் ஹாரன்கூடக் கேட்காது. மாப்பிள்ளையின் வாய் அசைந்தது, எதுவும் கேட்கவில்லை. அவர் வாயை மூடியதும் மிக்ஸி நின்றது. "எங்கம்மாவப் பத்திப் பேச உங்களுக்கு..." என்று செல்வி எழுந்தாள். மறுபடியும் கர்ர்ர்ர்ர்.

அவருடைய வைத்தியமே இதுதான் என்பது பிறகு தெரிந்தது. கடையில் யார் குரல் உயர்ந்தாலும் மிக்ஸியைப் போட்டுவிடுவார். கட்சிக்காரர்கள் மோதினால் மிக்ஸி. புதுமாப்பிள்ளை போனில் மாமனாரோடு மல்லுக்கட்டினால் மிக்ஸி. அவருடைய சம்சாரமே போன் செய்து குரலை உயர்த்தினாலும் மிக்ஸிதான். வெறும் ஜாடியை ஓட்டி ஒருமுறை மோட்டார் கருகிப்போனதாம். அதிலிருந்து உரித்த சாத்துக்குடியை உள்ளே போடாமல் ஓட்டுவதில்லை. அதனால் ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் ஜூஸ் மிஞ்சும். சண்டை போட்டவர்கள்தான் அதைக் குடிக்க வேண்டும்.

சண்டை நீண்டால் மிக்ஸியும் நீண்ட நேரம் ஓடும். கொட்டையெல்லாம் அரைபட்டு ஜூஸ் விஷமாகக் கசக்கும். நான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, கொட்டய எடுத்துட்டுப் போடக்கூடாதுங்களா?"

"சண்டய சுருக்கா முடிச்சுக்குங்க, ஜூசு நல்லா இருக்கும்" என்றார்.

யாழினிக்கு இது கொண்டாட்டமாகிவிட்டது. அவள் காதில் திட்டு எதுவும் விழவில்லை, மிக்ஸிதான் விழுந்தது. அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் மூஞ்சியை அஷ்டகோணலாக்கிக்கொண்டு ஜூஸ் குடிப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். "மாமா, இன்னிக்கி ரொம்பக் கசக்குதா?" என்று என்னிடம் வேறு விசாரிப்பாள். தூணைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளை அவள்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை பிள்ளையைத் திரும்ப விட வந்தார். யாழினி தலையில் காதுவரை இறங்கிய ஒரு கிரிக்கெட் தொப்பி. செல்வி அதைக் கழற்றினாள். உள்ளே மொட்டை, மொட்டை மேல் சந்தனம். இண்டூர்க்காரர்கள் செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குலசாமி கோயிலில் வேண்டுதலை முடித்துவிட்டார்கள்.

"யாரக் கேட்டு மொட்ட அடிச்சீங்க?" என்றாள் செல்வி. குரலில் இடி இறங்கியது.

மிக்ஸிக்காரர் சுவிட்சைத் தட்டினார். ஓடவில்லை. இன்னொரு தடவை தட்டினார். கரண்டு இல்லை.

"எங்க கொலசாமிக்கு முடி எறக்க யாரக் கேக்கணுங்க?" என்றார் மாப்பிள்ளை.

மிக்ஸிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஜாடியைத் தட்டினார், ஒயரை ஆட்டினார், மேலே பார்த்துக் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார். யாழினியின் கண் தூண் எங்கே என்று தேட ஆரம்பித்தது.

"அவ்வளவுதான். இனிமே எம்புள்ளய உங்க கண்ணுல காட்டவே மாட்டன். நாளைக்கே வக்கீலு கிட்ட..."

"கர்ர்ர்ர்ர்ர்!"

எல்லோரும் திரும்பினோம். சத்தம் மிக்ஸியிலிருந்து வரவில்லை, மிக்ஸிக்காரரிடமிருந்து வந்தது. ஒரு கையால் ஜாடி மூடியை அழுத்திப் பிடித்திருந்தார். கண் பிதுங்க, கன்னம் அதிர, வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். மூச்சு முட்டி நிறுத்தினார். செல்வி வாயைத் திறந்தாள். மறுபடியும் "கர்ர்ர்ர்!" இரண்டாவது தடவை மூச்சு தீர்ந்தபோது அவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்த இடைவெளியை யாழினி எடுத்துக்கொண்டாள். மொட்டைத் தலையை ஆட்டி ஆட்டி "கர்ர்ர்ர்" என்றாள்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. செல்வி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிரித்து முடித்ததும், "சொல்லிட்டுச் செஞ்சிருக்கணுங்க. தப்புதான்" என்றார் மாப்பிள்ளை.

செல்வி பிள்ளையின் தலையைத் தடவினாள். "மொட்ட நல்லாத்தான் இருக்குது. எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்து பாத்திருப்பன்ல?" அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

பிரிந்த பிறகு அவர்கள் சண்டையில்லாமல், குறுக்கே மிக்ஸி ஓடாமல் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கரண்டு இல்லாததால் அன்றைக்கு மிக்ஸிக்காரர் சாத்துக்குடியைக் கையால் பிழிந்து கொடுத்தார். கொட்டை அரைபடவில்லை. தேனாக இனித்தது. இந்த மனிதருக்கு ஜூஸ் போடத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

மனு போடவில்லை. அவர்கள் சேர்ந்து வாழவும் இல்லை. ஆனால் இப்போது மாப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறார், செல்வி தண்ணீர் கொடுக்கிறாள். மிக்ஸிக்காரர் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. யாழினி விட்டால்தானே? போன சனிக்கிழமை எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"சண்டதான் இல்லியே, இங்க என்னாங்க வேல?" என்று கேட்டார் மிக்ஸிக்காரர். சந்தோஷமாகத்தான் கேட்டார். ஆனாலும் கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே சும்மா கிடந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் குரலை உயர்த்தினேன்.

"என்னாங்க மாப்ள, எங்க வூட்டுக் காப்பி தண்ணியா இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே?"

"இல்லாததயா சொன்னன்?" என்று அவரும் எகிறினார்.

மிக்ஸிக்காரர் முகம் மலர்ந்தது. நாங்கள் விடாமல் கத்தினோம், அவரும் விடாமல் ஓட்டினார். கடைசியில் என் முன்னால் வந்து நின்ற டம்ளரில் இருந்தது, என் ஆயுளில் நான் குடித்ததிலேயே கசப்பான ஜூஸ். ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.