முதல் ஓலைக்கு நான் செய்த ஜெபம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது நான்கு பிள்ளைகள்; கல்யாணம் செய்துவைத்தது ஐந்து பேருக்கு. கூட்டலில் பிழை இல்லை. அந்த ஐந்தாவது கல்யாணம் என் தலையில் எப்படி வந்து ஏறியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஆண்கள் படகில் போவார்கள். பெண்கள் நாங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்போம். இரண்டு கையும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் பின்னிய பறி உண்டு. அதைத் தூக்கிக்கொள்ள மூன்றாவது கை இல்லாததால், பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். கரையேறும்வரை பேச்சு கிடையாது. வாயைத் திறந்தால் பறி போச்சு, அன்றைய பாடும் போச்சு. (என் வாழ்நாளில் நான் பாவம் செய்யாமல் இருந்த இடம் அந்தத் தண்ணீர்தான் என்று ஒருமுறை போதகரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.)

கரையேறிவிட்டால் கதை வேறு.

எங்கள் சபை சின்ன சபை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு வேலை உண்டு. ஒருவர் வேதபாடம் வாசிப்பார், ஒருவர் அறிவிப்பு வாசிப்பார். தடுமாறாமல் ஒரு வரி வாசிக்கத் தெரியாத எனக்கு இருந்தது ஜெபம் ஒன்றுதான். "சாராளம்மா ஜெபிப்பாங்க" என்று போதகர் சொன்னதும் என் முதுகு தானாக நிமிரும். எழுந்து நின்று கண்ணை மூடினால், அடுப்பில் வைத்துவிட்டு வந்த சோறு குழைந்துபோகும் அளவுக்கு ஜெபிப்பேன். அப்படிக் குழைந்த சோற்றைச் சாப்பிட்டே என் வீட்டுக்காரர் பாதி விசுவாசத்தை இழந்தார்.

ஜெபம் சும்மா நீளாது. அதற்குச் சரக்கு வேண்டும். நல்ல சரக்கு ஊராருடைய கஷ்டம்தான். "ஆண்டவரே, தெற்குத் தெருவில் குடித்துவிட்டுத் தாய்மேல் கைநீட்டும் ஒரு மகனைத் தொடும், அவன் பெயர் உமக்குத் தெரியும்" என்பேன். தெற்குத் தெருவில் இருந்ததே நான்கு வீடு. அதில் மூன்றில் பெண்பிள்ளைகள். ஞாயிறு வர முடியாத பெண்கள் திங்கட்கிழமை கரையில் என்னிடம் வந்து, "அக்கா, நேத்து இன்னா ஜெபம் பண்ணே?" என்று கேட்பார்கள். நானும் குறையில்லாமல் சொல்வேன். இதையெல்லாம் கோள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் கோள். மூடிக்கொண்டு சொன்னால் ஜெபம். இதுதான் அன்றைக்கு என் வேதஞானம்.

எஸ்தர் எனக்கு ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்சாதி. தம்பியைக் கடல் கொண்டுபோய்ப் பல வருஷமாகியிருந்தது. அவள் கையில் மிஞ்சியது ஒரே மகள், ரெபேக்கா. எஸ்தர் அதிகம் பேசமாட்டாள். பத்து பேர் நடுவில் அவள் இருப்பதே தெரியாது. ஆனால் அவள் பறிதான் முதலில் நிறையும். ரெபேக்காவுக்குப் பொன்னேரிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. படித்த பையன், கம்பெனி வேலை. எஸ்தர் அந்த ஒரு காரியத்துக்காகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் ஓலை வாசிப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஏரியில் நின்றுகொண்டிருந்தோம். (ஓலை என்றால், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் மாப்பிள்ளை, பெண் பேரை வாசிப்பது.) எஸ்தர் தன் பறியை வாயிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். என் வாயில் பறி.

"அக்கா, வாயத் தொறக்காதே. அப்பிடியே கேளு."

"ம்ம்."

"மார்ல ஒரு கட்டி கீது. அஞ்சு மாசமாச்சு. வலி இல்ல. வளர்றது மட்டும் தெரியுது."

கையில் அகப்பட்ட இறாலை விட்டுவிட்டேன்.

"கல்யாணம் முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போறேன். இப்பப் போனா மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சிடும். தாய்க்கு வந்தா மவளுக்கும் வரும்னு வுட்டுட்டுப் போய்டுவாங்க. ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன். ஜெபம் பண்ணு. மனசுக்குள்ள பண்ணு."

தலையாட்டினேன். வாயைத் திறக்காமலே வாக்குக் கொடுத்தேன். கரையில் நூறு தடவை தனியாக இருந்தோமே, அங்கே சொல்லாமல் தண்ணீருக்குள் வைத்து ஏன் சொன்னாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

வாரம் பூராவும் சொன்னபடியே மனதுக்குள் ஜெபித்தேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பதுபோல இருந்தது. சனிக்கிழமை என் வீட்டுக்காரர், "இன்னாடி, ஒடம்பு சரியில்லியா, பேசவே மாட்டேன்றே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிறு வந்தது. ஓலையை வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார் போதகர். அந்த இடத்தில் சபை எப்போதும் அமைதியாகும். யாராவது இருமுவார்கள், ஒரு குழந்தை சிணுங்கும். எங்கள் சபை பிறந்த நாளிலிருந்து ஓலைக்குக் கிடைத்த தடை அவ்வளவுதான். அன்றும் யாரும் வாய் திறக்கவில்லை.

"ரெபேக்காவோட பெரியம்மா இந்தப் பிள்ளைங்களுக்காக ஜெபிப்பாங்க" என்றார் போதகர்.

எழுந்தேன். கண்ணை மூடினேன். பொன்னேரியிலிருந்து வந்த பஸ் தாமதமாகி, மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும் அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது மூடியிருந்த கண்ணுக்குத் தெரியாது.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். ஆண்டவர் பெண்ணைப் படைத்ததில் தொடங்கி, பையனை ஆசீர்வதித்து, கம்பெனியை ஆசீர்வதித்து, தகப்பனில்லாத பெண்ணுக்கு வந்தேன். "ஸ்தோத்திரம்" என்றது சபை. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கள் குடித்ததுபோல ஏறும். தகப்பனில்லாத பெண்ணிலிருந்து தாய்க்கு வந்தேன். கண்ணீர் வந்தது. மெய்யான கண்ணீர். அதன் பின்னால் வந்ததை நான் நிறுத்தவில்லை.

"ஆண்டவரே, இந்தத் தாயின் மார்பில் வளரும் கட்டியை உம்முடைய கை கரைக்கட்டும். அஞ்சு மாசமா யாருக்கும் சொல்லாம சுமக்கிறாளே. கல்யாணம் முடியற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்கு அதை மறைத்துக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே."

"ஸ்தோத்திரம்" வரவில்லை. சபை உருகிப்போய்ப் பேச்சற்று இருக்கிறது என்று நினைத்தேன். அதனால் குரலை இன்னும் உயர்த்தி, அதே வேண்டுதலை இன்னொரு முறை வைத்தேன். பிறகு நான் மட்டும் "ஆமென்" என்றேன். கண்ணைத் திறந்தேன்.

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடியிருந்தாள். ரெபேக்கா தன் தாயின் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. எல்லாருக்கும் பின்னால், பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அந்த அம்மாள் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. எங்களுக்கு ஒரே பையன். மொதல்ல ஒடம்பப் பாருங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க நல்லா ஜெபம் பண்றீங்க" என்றார்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல நான் யார். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. ஊர் சும்மா இருக்குமா. "தடை கேட்டப்போ ஒருத்தியும் வாயத் தொறக்கல; நம்ம சாராக்கா கண்ண மூடிக்கினு சொல்லிட்டா" என்று மீன் ஏலம் விடும் இடம்வரை பேச்சு போயிற்று. என் ஜெபத்தில் அடிபட்டவர்கள் அந்த ஊரில் கொஞ்சம் பேரா. தெற்குத் தெரு வீட்டுத் தாய் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்காக ஜெபம் பண்ணிடாதேம்மா" என்றாள்.

மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனபின் என் வீட்டுக்காரர் எஸ்தரைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அறுத்து எடுத்தார்கள். முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். போதகர் எனக்கு ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தார். "நீங்க வெளிய சொன்னதாலதானேம்மா இப்பவாச்சும் போனாங்க. இதுவும் தேவசித்தம்தான்."

"இல்லீங்க ஐயா," என்றேன். "அது என் வாய். அவர் மேல போடாதீங்க."

போதகருக்குக் கொடுத்த பதில்களில் நான் இன்றைக்கும் பெருமைப்படுவது அது ஒன்றை நினைத்துத்தான்.

எஸ்தர் ஊருக்குத் திரும்பி ஒரு மாதம்வரை அவள் வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் நண்டு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். இடது கையைத் தூக்க முடியாமல் பாயில் சாய்ந்திருந்தாள். தலைமுடி கொட்டிப்போய், ரெபேக்காவின் தாவணியைத் தலையில் சுற்றியிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். ஜெபத்தைவிட நீளமாக ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஒன் பறி எங்கே?" என்றாள்.

"வூட்ல கீது."

"எடுத்தா."

போய் எடுத்துவந்தேன்.

"கடி."

கடித்தேன். நட்ட நடு வீட்டில், தண்ணீரில்லாத தரையில், காலியான பறியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாத எஸ்தர் அன்றைக்குப் பேசினாள்.

"கர்த்தருக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா, அவ்ளோ கத்தினே? மறைச்சு வையும்னு கேட்டியே, அத நீ மறைச்சிருந்தா போதாதா? அவரு வேற தனியா மறைக்கணுமா? ஆஸ்பத்திரியில துணியப் போட்டு மூடித்தான் அறுத்தாங்க. நீ ஜனங்க நடுவுல தொறந்து வச்சுட்டே. ரெபேக்கா அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்தாளே ஒரு பார்வை, அத எந்த ஜெபத்துல கரைப்பே?"

இன்னும் பேசினாள். இருபது வருஷத்தில் நான் செய்தது எல்லாம் வந்தது. அவள் வைத்த மீன்குழம்பில் புளி போதவில்லை என்று ஒரு குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் நான் ஜாடையாகச் சொன்னதுகூட வந்தது. அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண்ணீரும் எச்சிலும் கயிற்றில் வழிந்தன. ரசம் ஆறிப்போயிற்று.

கடைசியில் சொன்னாள்: "நான் இருந்து பாப்பேனோ இன்னாவோ. இவளுக்கு நீதான் முடிக்கணும். பாக்க வர்றவங்ககிட்ட மொதல் நாளே என் நோவச் சொல்லிடு. மறைக்காதே. அதுக்கு ஒன் வாய் தோதானது."

"ம்ம்" என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

பதினான்கு மாதம் இருந்தாள். அடக்கத்தில் குடும்பத்தின் சார்பாக ஜெபிக்கப் போதகர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் பதில் வேறொருவர் ஜெபித்தார். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு நிமிஷத்திலும் ஜெபம் முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்தார்கள். காபித் தம்ளரைக் கையில் கொடுக்குமுன்பே, "பொண்ணோட தாய் மார்க்கட்டியில செத்தவ" என்று சொல்லிவிடுவேன். மூன்று பேரும் காபி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். நான்காவதாகத் திருப்பாலைவனத்திலிருந்து வந்த ஒரு தாய், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எந்த வூட்லம்மா நோவு இல்ல, சக்கர போதல இதுல" என்று தம்ளரை நீட்டினாள். ரெபேக்கா உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவந்தாள். அதுதான் என் ஐந்தாவது கல்யாணம்.

ரெபேக்கா என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. அவள் புருஷனோடு இந்த ஊரிலேயே, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாள். பண்டிகை நாளில் சாப்பாட்டுக்கு முன்னால் நான் கண்ணை மூடினால் போதும், "பெரியம்மா ஆரம்பிக்கப் போறாங்க, அந்தப் பறிய எடுத்துக்கினு வாங்க" என்பாள். என் நான்கு பிள்ளைகளும் மருமக்களும் சிரிப்பார்கள். வந்த விருந்தாளிக்கு விளங்காது; யாராவது முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். குழம்பில் புளி போதாத கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். நானும் சிரிப்பேன்.

வருஷத்துக்கு ஒருமுறை ரெபேக்கா சென்னைக்குப் போய் உடம்பைச் சோதித்துக்கொண்டு வருகிறாள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அந்த நாள் காலையில் மட்டும் அவள் சிரிப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கும் பறியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போவாள். அவள் திரும்பி வரும்வரை கயிற்றைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் ஜெபிப்பேன். பல் நான்குதான் மிச்சம். இருந்தாலும் பிடி விடுவதில்லை.

ரெபேக்காவின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். அவள் பெயரும் எஸ்தர்தான். என் கோணல் எழுத்தைத் திணறாமல் படிப்பவள் இரண்டு வீட்டிலும் அவள் ஒருத்தி. தன் பெயர்க்காரிக்கு நான் செய்ததைச் சிரிப்புக் கதையாகத்தான் இதுவரை கேட்டிருக்கிறாள்.

எஸ்தரு, இந்தா, மொதல்லேர்ந்து படி. சத்தமாப் படி, பக்கத்து வூட்ல ஒங்கம்மாவுக்கும் கேக்கட்டும். நடுவுல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆணியில தொங்குது பாரு, அத எடுத்து மொதல்ல என் வாயில குடு.