வெறுந்துடிப்பு

சான்டா கிளாராவில் கணினிச் சில்லு செய்யும் ஒரு கம்பெனியில், 2001ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, மார்சியாவின் நான்கு வருஷ உழைப்பு மேலிடத்தின் மேலான பரிசீலனைக்கு வந்தது. தேறாவிட்டால் அவளும் அவள் குழுவின் பதினோரு பேரும் திங்கட்கிழமை முதல் வீட்டிலேயே இருக்கலாம்.

சில்லுக்குள் ஒரு கடிகாரம் துடிக்கும். மார்சியாவின் சில்லு நொடிக்கு நூற்று நாற்பது கோடி முறைதான் துடிக்கும். ஆனால் ஒரு துடிப்பில் மூன்று வேலை முடிக்கும். எதிர்க் கம்பெனியுடையது இருநூறு கோடி முறை துடித்து, துடிப்புக்கு ஒரு வேலை முடிக்கும்.

இரண்டுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தாள். அவளுடையது நாலு நிமிஷத்தில் முடித்தது. மற்றது எட்டு நிமிஷம் திணறியது.

விற்பனைத் தலைவர் ப்ரெண்ட் என்பவரின் முகம் வாடியது.

"எல்லாம் சரி மார்சியா. பெட்டிமேல என்ன நம்பர் போடறது?"

"நூறு கோடிக் கணக்குல ஒண்ணு புள்ளி நாலு."

"அவங்க ரெண்டு போடறாங்களே!"

"நம்மது சீக்கிரம் முடிக்குதே. இப்பத்தானே பாத்தீங்க?"

"நான் பாத்தேன். கடைக்கு வர்றவன் பெட்டியத்தானே பாப்பான்? அதுவும் இல்லாம, அவங்களுது எட்டு நிமிஷம் ஓடுது. குடுத்த காசுக்கு ரெண்டு மடங்கு ஓட்டம்!"

மற்ற அதிகாரிகள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மார்சியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ ஒண்ணு பண்றேன். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல ஒரு வெறுந்துடிப்பு வெச்சுடறேன். ஒரு வேலையும் செய்யாது, சும்மா துடிக்கும். ரெண்டு புள்ளி எட்டு ஆயிடும். போதுமா?"

ப்ரெண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத ஏம்மா நாலு வருஷமா சொல்லல?"

கிண்டல் என்று சொல்ல வாயெடுத்தாள். பதினோரு பேரை நினைத்து மூடிக்கொண்டாள்.

சில்லு சக்கைப்போடு போட்டது. எதிர்க் கம்பெனி சும்மா இருக்குமா? இரண்டிரண்டு வெறுந்துடிப்பு சொருகி ஆறு ஆக்கிவிட்டது. உடனே மேலிடத்து உத்தரவு வந்தது: "மேற்படி குழுவினர் இனி வெறுந்துடிப்பில் மட்டும் கவனம் செலுத்தவும். வேலை செய்யும் துடிப்பை, நேரம் கிடைத்தவர் பார்த்துக்கொள்ளலாம்."

அன்று சாயங்காலம் மார்சியாவின் புருஷன் கேரி, பெரிய பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். எதிர்க் கம்பெனிப் பெட்டி.

"கோவிச்சுக்காத மார்சியா. உங்களுது ரெண்டு புள்ளி எட்டு, இது ஆறு. நான் என்ன, ஏமாந்தவனா?"

அவள் மறுநாள் முதல் ஆளாக ஆபீசுக்குப் போனாள். ஆறைத் தாண்டி ஏழு ஆக்க, துடிப்புக்கு நாலு வெறுந்துடிப்பு போதும் என்று கணக்கு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாகப் போட்டுக்கொண்டாள்.