சுரத்தை நிறுத்தும் அதிகாரம்

"விழாவுல பெட்டி ஒழுங்கா பாடட்டும். அப்புறம் அந்தப் பொண்ணை நிரந்தரம் பண்ணலாம்."

இணை இயக்குநர் யாரிடமோ சொன்னது, காபி இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணின் காதிலேயே விழுந்தது. காபியை எடுக்க மறந்து இருக்கைக்கு ஓடினாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது டிரைவர் எனப்படும் மென்பொருள். இசைக் கீபோர்டில் விரல் பட்டால், 'இந்தச் சுரத்தை இவ்வளவு விசையோடு வாசி' என்று, மின்னிசைக் கருவிகளின் பொதுமொழியான மிடியில் ஒரு செய்தி புறப்படும். அதைப் படித்து, துறையின் புதிய ஒலிப்பெட்டியைப் பாடவைப்பது டிரைவரின் கடமை. விரலை எடுத்தால் சில கீபோர்டுகள் 'நிறுத்து' என்று அனுப்பும். துறை வாங்கியதோ, 'வாசி, விசை பூஜ்யம்' என்று அனுப்பும் ரகம். அப்படி வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது உலக வழக்கம். அவளும் அதற்கென்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

மேற்பார்வைக்கு வந்த இணை இயக்குநர் சரியாக அந்த வரியில் விரலை வைத்தார்.

"என்னம்மா இது? செய்தியில 'வாசி'ன்னுதானே இருக்கு?"

"ஆமா சார். ஆனா விசை பூஜ்யம்..."

"பூஜ்ய விசையிலதான் இந்த மாடியே வேலை செய்யுது. அதுக்காக எங்களையெல்லாம் நிறுத்திட்டாங்கன்னு அர்த்தமா?"

"வரியை எடுத்தா சுரம் நிக்காது சார்."

"முறைப்படி நிறுத்தச் சொல்லி வரட்டும், நிறுத்துவோம். வர்ற செய்திக்கு உள்ளர்த்தம் பாக்குறது நம்ம வேலை இல்ல. நிரந்தரம் ஆகப்போற பொண்ணு, பாத்து நடந்துக்க."

அவர் போனதும் பக்கத்து இருக்கை அக்கா, "எடுத்துத் தொலைடி. கிழியப்போறது உன் காதா?" என்றாள்.

எடுத்துத் தொலைத்தாள்.

விழாவில் வாசிப்பவர் முதல் சுரத்தைத் தொட்டார். அது நிற்கவில்லை. இரண்டாவது அதன் தோளில் ஏறிக்கொண்டது. அரைப் பாட்டுக்குள் தொட்ட சுரமெல்லாம் சேர்ந்து அலறின. அவர் இரண்டு கைகளையும் தூக்கி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சபைக்குக் காட்டினார்.

"நிறுத்தும்மா!" என்று பெட்டியருகே நின்ற அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் இணை இயக்குநர்.

"முறைப்படி செய்தி வரலையே சார்."

அப்போது, நவீன ரசனைக்குப் பேர்போன சிறப்பு விருந்தினர் முன்வரிசையில் கண்களை மூடித் தலையாட்டினார். "ஆகா! முடிவே இல்லாத இசை. இப்ப எல்லா இடத்துலயும் இதுதான்."

இரண்டாம் வரிசை உடனே கண்களை மூடியது. மூன்றாம் வரிசை காதைப் பொத்தியிருந்த கைகளை எடுத்துவிட்டுக் கண்களை மூடியது.

"எங்க துறையோட தனி முயற்சி சார்" என்று இணை இயக்குநரும் மூடினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தார்.

அவள் கண்களை மூடி, மெல்லத் தலையாட்டத் தொடங்கினாள்.