எட்டுக்கும் எட்டேபத்துக்கும் நடுவில்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை வேகமாகக் கிளப்பியே தீருவது என்று ஒரு வியாழக்கிழமை முடிவெடுத்தேன். முகம் பார்த்துப் பேசுகிற புரோகிராம் ஒன்று அதில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அது மட்டும் திறந்தால் போதும். சுவிட்சைப் போட்டால் அது தொடங்காது, தொங்கும். பத்து நிமிஷம் தொங்கும்.

பத்து நிமிஷத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது என்பீர்கள். எனக்கு இருந்ததே அந்தப் பத்து நிமிஷம்தான்.

நான் முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன். பதினாலு மாசத்துக்கு முன்னால், வேலையை விட்டு ஓய்வு பெறுகிற வாரம், ஏழு நாற்பதுக்கு வண்டியை எடுத்தேன். பக்கக் கண்ணாடியில் ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் மகள். வேலைக்கு நேர்முகத் தேர்வு அன்றைக்கு. ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. அந்த வேலை போயிற்று. வேறு ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு அவளும் போனாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. என் நம்பரையே பிளாக் பண்ணி வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டே காலுக்குக் கம்ப்யூட்டரில் அம்மாவோடு மட்டும் பேசுவாள். நான் சுவரோரம் காலண்டர் மாதிரி நிற்கலாம். காலண்டரையாவது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

மனைவி கம்ப்யூட்டர் இருக்கிற கூடத்தை விட்டு நகருவது குளிக்கிறபோதுதான். எட்டுக்கு உள்ளே போவாள், எட்டேபத்துக்கு வெளியே வருவாள். போனும் கூடவே குளிக்கப் போகும். மகள் எட்டுக்கே தயாராக இருப்பாள். மனைவி உள்ளே போனதும் சுவிட்சைப் போட்டால், அவள் வெளியே வரும்போது சரியாகப் புரோகிராம் திறக்கும். வாரா வாரம் இதே கதை. மகளிடம் தனியாக ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் எனக்கு.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"மூச்சு வாங்குது. டாக்டரம்மாகிட்ட காட்டணும்."

"உங்களுக்கா, அதுக்கா?"

"அதுக்கு."

"ரெண்டும் ஒரே வயசுதான். பார்த்துப் போங்க."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

டாக்டரம்மா என்பது தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற அம்மாவுக்குத் தெரு வைத்த பெயர். திறந்து பார்த்தாள்.

"அண்ணே, உங்க பஸ்ல கதவு திறந்ததும் எல்லாரும் ஒண்ணா ஏறினா என்னாகும்?"

"நசுங்கும்."

"இங்கயும் அதேதான். சுவிட்சைப் போட்டதும் பன்னிரண்டு புரோகிராம் முண்டியடிச்சு ஏறுது. பிரிண்டருக்கு ஒண்ணு."

"எங்க வீட்ல பிரிண்டரே இல்லையேம்மா."

"ஆள் வராத சீட்டுக்குத் துண்டு போட்டு வச்சிருக்கு. உங்க பேசுற புரோகிராமுக்கு மட்டும், பத்து நிமிஷம் கழிச்சுத் திறன்னு யாரோ எழுதி வச்சிருக்காங்க."

"வைரஸா?"

என்னைப் பாவமாகப் பார்த்தாள். "வைரஸ் இப்படி மணி பார்த்து வேலை செய்யாதுண்ணே."

மனசு தாங்காமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பதினொன்றையும் இறக்கிவிட்டாள், அந்தக் குறிப்பை அழித்தாள், பேசுகிற புரோகிராமை முதல் சீட்டில் உட்கார வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "திறந்ததும் உங்க மக படம் பெருசா வரும். அதை அமுக்குங்க, போதும்."

ஞாயிறு, எட்டு மணி. குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறந்தது. சுவிட்சைப் போட்டேன். பத்தொன்பது விநாடியில் மகள் படம். அமுக்கினேன். இரண்டு தடவை மணி அடித்தது, எடுத்துவிட்டாள்.

திரை இருட்டாக இருந்தது. முகம் காட்ட இஷ்டமில்லை போல. எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம். அவள் ஊரில் மழை என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணு, அப்பா பேசுறேன். வச்சுடாதம்மா. அன்னிக்கு நான் நிறுத்தியிருக்கணும். தப்புதான். ஆனா ஏழு நாப்பதுன்னா ஏழு நாப்பது, உனக்கே தெரியும். கண்ணாடியில உன்னைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். அது இன்னும் நெஞ்சுல உக்காந்திருக்கு. ஆனா நீயும் அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பியிருக்கலாம். சாயங்காலம் போய் உன் செருப்பைத் தேடி எடுத்துட்டு வந்தேன். என் தகரப் பெட்டியிலதான் வச்சிருக்கேன். ஆனா நடுரோட்டுல அப்படி ஓடுறது…"

"மூணு."

குரல் கம்ப்யூட்டருக்குள்ளிருந்தும் குளியலறை வாசலிலிருந்தும் ஒன்றாக வந்தது. மனைவி நின்றாள். தலை நனையவில்லை. கையில் போன்.

"என்ன மூணு?"

"மூணு 'ஆனா' போட்டுட்டீங்க."

"இது… மக இல்லையா?"

"நீங்க கொட்டினதை டாக்டரம்மா என்கிட்ட சொன்னா. மக படத்தை என் நம்பர் மேல ஒட்டச் சொன்னேன். ஒட்டிட்டா."

"அந்தப் பத்து நிமிஷமும்…"

"நான் போட்டதுதான். எனக்கு முன்னாடி அவளைப் பிடிச்சு இப்படிப் பேசிடுவீங்கன்னுதான். அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுங்க. 'ஆனா' போடாம தப்புன்னு அப்பா சொன்னா கேக்குறேன். போட்டா உன்கூடவும் பேச மாட்டேன்னா. எனக்கு இருக்கறது அவ ஒருத்தி."

நான் திரையைப் பார்த்தேன். அது இன்னும் இருட்டாகவே இருந்தது.

"செருப்பை எடுத்துட்டு வந்ததை என்கிட்டகூடச் சொல்லலையே," என்றாள், மெதுவாக.

வாயைத் திறந்தால் நாலாவது 'ஆனா'வும் வந்துவிடும்.

எட்டே காலுக்கு நிஜ மணி அடித்தது. எழுந்தேன். தோளை அமுக்கி உட்கார வைத்தாள். "ஒரு வரி. அதோட பிரேக்." சொல்லிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மகள் வந்தாள். மெலிந்திருந்தாள்.

"தப்பு என்னோடதுதாம்மா," என்றேன்.

நாக்கு நுனியில் அடுத்த சொல் முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்தேன். மகள், பதினாலு மாசம் கழித்து முதல் முறையாக, நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"கொஞ்சம் நகருங்க. அம்மா முகம் தெரியல."