ஒரு கேனில் கலங்கரை விளக்கம்

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என் படகின் குடிப்பழக்கத்தை ஒழித்துக் காட்டுகிறேன் என்று சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டிச் சபதம் செய்தேன். தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. சபதம் செய்தவன் மேசை துடைப்பது அழகல்ல என்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன்.

"துடைங்க" என்றாள் மனைவி.

துடைத்தேன்.

படகு என்றதும் என்னைப் பெரிய பணக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும் எனக்கு அத்துப்படி. வாழ்க்கையில் ஒரு தடவையாவது நேராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய பழைய படகு அது. நடுவில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் இன்ஜின். இன்ஜின் தலையில் கார்புரேட்டர். அது காற்றையும் பெட்ரோலையும் கலந்து உள்ளே அனுப்பும். என் கார்புரேட்டர் காற்றை மறந்துவிட்டுப் பெட்ரோலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. படகு போகும் வழியெல்லாம் கறுப்புப் புகை. கடல்காக்கைகள் எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் பறந்துவிடும்.

"வித்துடலாங்க" என்றாள் அவள். "வாராவாரம் என் வெள்ளைப் புடவை சாம்பல் கலராத் திரும்பி வருது."

"படகையா? அதை விக்கிறதுக்கு என்னை வித்துடு!"

"உங்களை யாரு வாங்குவா? படகுன்னாலும் ஆள் இருக்கு. கண்ணாடிக்கடைக்காரர் ஞாயித்துக்கிழமை படகுத்துறைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார்."

கண்ணாடிக்கடைக்காரர் எதையும் இரண்டு லென்ஸ் வழியாகப் பார்ப்பவர். பார்த்தால் வாங்காமல் விடமாட்டார். அந்தப் படகில் உட்கார்ந்தால்தான் நான் மனிதன். மற்ற நாளெல்லாம் லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிய ஒரு ஸ்குரூ டிரைவர். இதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். கொஞ்சம் மனம் இரங்கினாள்.

"சரி. ஒரு கேன் பெட்ரோல். அதுல கலங்கரை விளக்கத்தைச் சுத்திட்டுத் திரும்பி வரணும். வந்துட்டா படகு நம்மளோடயே இருக்கட்டும்."

"ஒரு கேன்ல பாதி வழி கூடப் போகாதே!"

"அதுக்குத்தானே சபதம் பண்ணீங்க?"

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் மூடி அளவில்தான் கொடுப்பாள், கருணை உட்பட.

வேலையில் இறங்கினேன். கார்புரேட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் வாயில் ஒரு தகடு இருந்தது. பாதி மூடியபடி நின்றது. பிறவியிலேயே அப்படி என்று நினைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் பளபளவென்று துடைத்தேன். படகில் கழற்றும்போது எங்கிருந்தோ ஒரு கம்பி வந்து அந்தத் தகட்டில் முடிந்திருந்தது. அது இருந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் முறையாக வேலை செய்கிறவன்.

சின்னச் சின்னப் பாகங்களைப் பெட்ரோலில் ஊறவைக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். சாயந்திரம் வேலையிலிருந்து வந்தவள் சமையலறையில் மூக்கைச் சுளித்தாள்.

"இது என்ன நாத்தம்?"

"ஜெட். கார்புரேட்டரோட உயிர்நாடி."

"என் பால் பாத்திரத்துல உங்க உயிர்நாடிக்கு என்ன வேலை?"

"கழுவித் தர்றேன்மா."

"வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க. இனிமே உங்களுக்குப் பால் அதுலதான்."

அதோடு விட்டுவிட்டாள். நானும் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். படகைக் கரையில் ஏற்றி, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பியையும் பாசியையும் முதுகு ஒடியச் சுரண்டினேன். கடைசியாக எடையில் கை வைத்தேன். எடை குறைந்தால் பெட்ரோல் குறையும் என்பது யாரும் மறுக்க முடியாத விஞ்ஞானம். ஐஸ் பெட்டி போனது. மெத்தை போனது. அவளுடைய குடை போனது. விஞ்ஞானத்தின் துணையோடு நெடுநாள் ஆசை ஒன்றையும் வெளியே எடுத்தேன்.

"இங்க பாரு, தப்பா நினைக்காதே. அத்தை இனிமே படகுல வர வேண்டாம்."

"ஏன், எங்கம்மா என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலை. எடை. நான் சொல்லலை, விஞ்ஞானம் சொல்லுது."

"அப்படியா? அந்த விஞ்ஞானம் உங்க தொப்பையைப் பத்தி ஏதாவது சொல்லிச்சா?"

"கேப்டனோட எடை கணக்குல வராது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் சேதம்.

படகில் நான் விட்டுவைத்தது ஒன்றே ஒன்று. என் ஸ்பேனர் பை. நல்ல கனம்தான். ஆனால் கருவி இல்லாத மெக்கானிக் அரை நிர்வாணம். அதை மாட்ட அருமையான ஒரு கொக்கியும் படகில் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், சரிவான பலகையில், கட்டைவிரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். படகை வாங்கிய அன்றே எனக்குப் பிடித்துப்போன வசதி அது. ஏறியதும் பையை அதில் மாட்டுவேன். இறங்கும்போதுதான் எடுப்பேன்.

சனிக்கிழமை ஒத்திகை. கார்புரேட்டரைப் பூட்டி, அந்தக் கம்பியைப் படத்தில் இருந்தபடி ஒரு நூல் பிசகாமல் மாட்டினேன். தொட்டியைக் காலி செய்துவிட்டு ஒரு கேன் ஊற்றினேன். எடைக்குப் பயந்து செருப்பைக் கூடக் கரையில் விட்டேன். கொக்கியில் பையை மாட்டினேன். கிளம்பினேன்.

கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. அந்த இடத்தில் இன்ஜின் இரண்டு தடவை இருமி, பெருமூச்சு விட்டு, படுத்துக்கொண்டது. தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். காலிப் பாத்திரத்தின் சத்தம். அந்த வழியாக வந்த பயணிகள் படகு கயிறு போட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தது. மேல்தட்டில் இருந்த அத்தனை பேரும் கை அசைத்தார்கள். வெறுங்காலோடு நானும் அசைத்தேன்.

வீட்டுக்கு வந்து சோபாவில் சுருண்டேன்.

"முடிஞ்சுதும்மா. நாளைக்கு அவர் வந்து ஓட்டிக்கிட்டுப் போயிடுவார்."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலைல நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?"

"நீயா?"

"ஏன், கடல் கோவிச்சுக்குமா?"

"ஒரு வாரமா மல்லுக்கட்டி எனக்கே மசியலை."

"நான் ஒரு கேன்ல போயிட்டு வந்துட்டா படகு இருக்கட்டும். ஆனா அப்புறம் ஸ்டியரிங் என் கையில. எங்கம்மா முன் சீட்டுல. சம்மதமா?"

மனதுக்குள் வேகமாக யோசித்தேன். இவளும் நடுவழியில் நின்றால், தப்பு என் மேல் இல்லை என்று ஆகிவிடும். இன்னும் ஒரு மாதம் தவணை கேட்கலாம். ஆகா, என்னே என் மூளை!

"சம்மதம்!"

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் அவளுக்கு முன்னால் அத்தை நின்றாள். மெத்தையோடு. குடையோடு. ஐஸ் பெட்டியோடு.

"இத்தனை எடையா?" என்று அலறினேன். "ஜெயிக்கணும்னு எண்ணமே இல்லையா உனக்கு?"

"மாப்பிள்ளை, கொஞ்சம் கை குடுங்க, ஏறணும்" என்றாள் அத்தை.

கை கொடுத்தேன். காலித் தொட்டியில் ஒரு கேன் ஊற்றினேன். பழக்கத்தில் ஸ்பேனர் பையைக் கொக்கியில் மாட்டினேன். மனைவி சாவியைத் திருகினாள். இன்ஜின் உறுமியது. வழக்கம்போலக் கறுப்புப் புகை. ஒரு நிமிஷம் அதை அப்படியே ஓட விட்டாள். பிறகு திரும்பி, பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். ஒரே விரலால் கொக்கியை அழுத்தினாள். அது சர்ரென்று பலகைக்குள் போய்விட்டது.

"அய்யய்யோ, கொக்கியை உடைச்சிட்டியே!"

பதிலை இன்ஜின் சொன்னது. இத்தனை நாளும் கரகரத்த தொண்டை சட்டென்று இதமாக ரீங்கரித்தது. புகை வெளுத்தது. பிறகு காணாமலே போனது. ஒரு கடல்காக்கை கிட்டே வந்து அத்தையின் குடை மேல் உட்கார்ந்தது.

கலங்கரை விளக்கத்தைச் சுற்றினோம். அத்தை இன்னொரு சுற்று கேட்டாள். அதையும் சுற்றினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் படகு! பெட்ரோலை முகர்ந்து பார்த்தே ஓடுகிறது! எழுந்து குதித்தேன். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். கரைக்குத் திரும்பியபோது தொட்டியில் இன்னும் பெட்ரோல் குலுங்கியது.

"என்னம்மா மாயம் பண்ணே?"

"அது கொக்கி இல்லைங்க. சோக்கு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காத்தைக் குறைச்சு, பெட்ரோலைக் கூட்டிக் குடுக்கும். சூடானதும் உள்ள தள்ளிடணும். உங்க பை அதை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்துது. ஜுரம் விட்டப்புறமும் மாத்திரை குடுத்தா என்ன ஆகும்? அதான் ஆச்சு."

பளபளவென்று நான் துடைத்துவைத்த தகடு கண் முன்னால் வந்து நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாங்கின அன்னிக்கே பழைய சொந்தக்காரர் சொன்னார். நீங்க அப்போ தொப்பியை மாட்டிக்கிட்டு போட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்தீங்க."

மேற்கொண்டு கேட்பதற்குள் படகுத்துறையில் கண்ணாடிக்கடைக்காரர் தெரிந்தார். ஒரே தாவலில் கரைக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்குங்க, படகு விக்கிறதுக்கு இல்லை!"

அவர் திருதிருவென்று விழித்தார். "எனக்கு எதுக்குங்க படகு? தண்ணியைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். அம்மா கேட்ட கறுப்புக் கண்ணாடியைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். வெயில்ல படகு ஓட்டணும்னாங்களே?"

மனைவி கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. பின்னே, அளவெடுத்துச் செய்ததாயிற்றே.

"இதை எப்போ சொல்லிவெச்சே?"

"முதல்ல சும்மா மிரட்டத்தான் அவர் பேரைச் சொன்னேன். கண்ணாடிக்குச் சொல்லிவெச்சது, நீங்க என் பால் பாத்திரத்துல உயிர்நாடியை ஊறவெச்ச அன்னிக்கு."

"சோக்குன்னு ஒரு வார்த்தை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்கல்ல இன்னும் ஓட்டிக்கிட்டு இருப்பீங்க?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறோம். ஸ்டியரிங்கில் அவள். முன் சீட்டில் அத்தை. படகு ஒரு கேனில் ஊர் சுற்றுகிறது. ஸ்பேனர் பை, அவள் கைப்பை, அத்தையின் மருந்துப் பை எல்லாவற்றையும் எங்கே மாட்டுவது என்ற பிரச்சினையும் தீர்ந்துவிட்டது. கொக்கியாக நான் இருக்கிறேன்.