மாலை போட்ட வீடு

சபரிமலையிலிருந்து திரும்பிய வேன் கீரனூரை நெருங்க நெருங்க, உள்ளே இருந்த சாமிகள் எல்லோரும் கோழிக்குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். திருப்பதி மட்டும் கழுத்திலிருந்த மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாமி, மாலையக் கழட்ட மனசு வரலையா?" என்று கேட்டார் குருசாமி வெள்ளைச்சாமி.

"ஆமாங்க சாமி. இன்னும் கொஞ்ச நாளு போட்டுக்கிறேனே."

"பாத்துக்கங்கய்யா! இதுதான் பக்தி!"

பக்தியெல்லாம் இல்லை, பயம். மாலையைக் கழற்றினால் விரதம் முடிந்துவிடும். விரதம் முடிந்தால் கூடத்தில் விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போக வேண்டும். அறைக்குள் பரிமளா இருப்பாள்.

பரிமளா மேல் ஒரு குறையும் இல்லை. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அவளைப் பார்த்தால் திருப்பதிக்கு இன்னும் முகம் மலரும். மகள் கலைமதி படிப்புக்காகக் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனபோது, இனி வீட்டில் நாம் இரண்டே பேர் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டவர்தான். அந்தச் சந்தோஷத்துக்கு ஐப்பசியில் அடி விழுந்தது. மனசு தயாராக இருந்தது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. களைப்பு என்று சொன்னார். அடுத்த முறை மழைக் குளிர் என்றார். அதற்கும் அடுத்த முறை சொல்லக் காரணம் கிடைக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பரிமளாவும் ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் அவரை அரித்தது.

கீரனூர் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர் அவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் நின்றுபோனாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவர் தன் கோளாறை எந்த முகத்தோடு வெளியே சொல்வார்? கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டார். மாலை போட்டவர் தனிப்பாயில் படுத்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெண்டாட்டியே ‘சாமி’ என்று கூப்பிட்டு எட்ட நிற்பாள். இத்தனை வசதியான ஏற்பாடு ஊருக்குள் இருப்பது இவ்வளவு நாளாகத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது அவருக்கு.

ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. மாலையைக் கழற்றுவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கு மாதம் ஒருமுறை வந்துபோகும் பரம்பரை வைத்தியர் ஒருவரிடம் லேகியம் வாங்கினார். வெல்லமும் தேனும் நெய்யுமாக அல்வா மாதிரி இருந்தது. காலையில் ஓர் உருண்டை என்றார் வைத்தியர். சீக்கிரம் குணமாக வேண்டுமே என்று மதியமும் மாலையும் சேர்த்து விழுங்கினார் திருப்பதி. நாக்கு வறண்டது, உள்ளங்கால் எரிந்தது. மலைக்குப் போன இடத்தில் ஐயப்பனைப் பார்க்க நின்ற நேரத்தைவிடக் கழிப்பறை வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம்.

வேன் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தவர் திகைத்துப்போனார். பரிமளா சிவப்புச் சேலையில், கழுத்தில் மாலையோடு நின்றாள்.

"என்ன பரிமளா இது?"

"மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருக்கேங்க. எதுத்த வீட்டு அருணா கூப்புட்டுச்சு. இனி என்னையும் ‘சக்தி’ன்னுதான் கூப்புடணும். நீங்க அறையில படுத்துக்கங்க, நான் கூடத்துல படுத்துக்கிறேன்."

திருப்பதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தைரியத்தில் தன் மாலையைக் கழற்றினார். வந்த உயிருக்குச் சோறு போட்டுவிட்டுப் படுத்தவுடன் மனசு கேட்க ஆரம்பித்தது. இத்தனை நாள் கழித்துப் புருசன் வருகிற நேரத்தில் இவளுக்கு மாலை எதற்கு? நம்மால் ஆகாது என்று முடிவுகட்டிவிட்டாளா? அதிலும் மருவத்தூர் மன்றத்துப் பூசை என்று சொல்லி அவள் அடிக்கடி திருச்சி பஸ் ஏறியது அவருக்கு உறுத்தியது. கேட்டால் ஐப்பசிக் கதை வெளியே வரும் என்பதால் கேட்கவும் முடியவில்லை.

அவள் மருவத்தூர் போய் வந்து மாலையைக் கழற்றினாள். அன்று காலையிலேயே திருப்பதி பழனிக்கு மாலை போட்டுப் பச்சை வேட்டியில் வந்து நின்றார்.

"மறுபடியுமா?" என்றாள் பரிமளா.

"முருகன் கூப்புடுறாரு. நான் என்ன செய்ய?"

தெருவே அதிசயப்பட்டது. பேரும் திருப்பதி, போவதெல்லாம் கோயில் என்று புகழ்ந்தார்கள். பக்கத்துத் தெரு சரவணக்குமார் தன் மனைவியோடு கடைக்கே வந்துவிட்டான்.

"சாமி, கல்யாணமாகி மூணு வருசம் ஆச்சு. ஒங்க கையால திருநீறு பூசிவிட்டா ஒரு புள்ள தங்கும்னு எங்க அம்மா சொல்லுது."

திருப்பதி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் பூசிவிட்டார். தை பிறந்த சில நாளிலேயே அந்தப் பெண் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

அவ்வளவுதான். கடைக்கு மோட்டார் வருவது நின்று தம்பதிகள் வர ஆரம்பித்தார்கள். அவர்களில் மீமிசல் பக்கமிருந்து வந்த ஒருவர் மட்டும் பெண்டாட்டியை வெளியே நிறுத்திவிட்டு, திருப்பதியின் காதருகே குனிந்தார்.

"சாமி, கோளாறு அவகிட்ட இல்ல. எனக்குத்தான் எதுவும் சரிப்பட்டு வரல. திருச்சியில இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காராம். அங்க போகவா, இல்ல ஒங்க திருநீறே போதுமா?"

"டாக்டர்கிட்டயே போங்க சாமி," என்றார் திருப்பதி அவசரமாக. "அட்ரஸ் என்னன்னு சொன்னீங்க?"

மறுநாளே பஸ் ஏறினார். தில்லை நகரில் சின்ன ஆஸ்பத்திரி. முகப்பில் ‘தாம்பத்தியப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை’ என்று பலகை. புருசன் பெண்டாட்டி இருவருமே டாக்டர்கள். கீழே அம்மா பெண்களைப் பார்ப்பார், மாடியில் ஐயா ஆண்களைப் பார்ப்பார். வாசலில் பெயர் கேட்டு அனுப்பும் பிளெஸ்ஸிக்கு மைக் தேவைப்படாத குரல்.

"பச்ச வேட்டி சாமி! ஆம்பளைங்க பிரச்சினைன்னா மாடிக்குப் போங்க!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திருப்பதி துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டு படியேறினார்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சக்கர முந்நூறத் தாண்டி நிக்கிது. இனிப்பு நெறைய சாப்புடுவீங்களா?"

"லேகியம்... கொஞ்சம்."

"நல்லாத் தின்னீங்க போங்க. சக்கர கூடினா நரம்பும் ரத்தக் குழாயும் பாதிக்கும். அதுலதான் இந்தப் பிரச்சினை. ஒங்க வயசுல எத்தனையோ பேருக்கு இருக்கு, யாரும் வாயத் தொறக்கிறதில்ல. மொதல்ல சக்கரையக் கொறைப்போம். மாத்திரை தேவைப்பட்டா நான் தாரேன், நீங்களாக் கடையில வாங்கிப் போட்டுறாதீங்க. அடுத்த தடவ வீட்டம்மாவையும் கூட்டியாங்க."

"அவங்க எதுக்குங்க?"

"கட்டில்ல ரெண்டு பேருதானே படுக்குறீங்க?"

"இப்ப தனித்தனியாத்தான் டாக்டர்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

தைரியமாகத்தான் வீடு திரும்பினார். ஆனால் பழனி போய் வந்து மாலையைக் கழற்றியும் பரிமளாவிடம் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று கடையிலேயே படுத்து எழுந்ததில் மாசி பிறந்துவிட்டது. சமயபுரத்துக்குக் காப்புக் கட்டி மஞ்சள் வேட்டியில் வீட்டுக்குள் நுழைந்தார்.

பரிமளா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேவிட்டாள்.

"இருக்குற சாமிக்கெல்லாம் மாலை போட்டு முடிச்சுட்டீங்க. என்னப் பாத்தா அவ்வளவு வெறுத்துப்போச்சா ஒங்களுக்கு? சொல்லிருங்க, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிறேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றப் போய் பெண்டாட்டியையே இழக்கப் பார்த்தோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"அதெல்லாம் இல்ல பரிமளா. எனக்குச் சக்கரை வந்திருக்கு. டாக்டரு ஒன்னையும் கூட்டியாரச் சொன்னாரு. கெளம்பு, இப்பவே போவோம்."

சர்க்கரை என்றதும் அவள் பதறிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் வழிநெடுக அவர் சாப்பிடக் கூடாதவற்றைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆட்டோ தில்லை நகரில் அந்த வாசலில் நின்றதும் அவள் பேச்சு நின்றது.

"இந்த ஆஸ்பத்திரியா?"

"ஏன்?"

"வேண்டாங்க. வேற எங்கிட்டாச்சும் போவோம்."

பலகையைப் படித்துவிட்டாள், விசயம் புரிந்துவிட்டது என்று நினைத்தார் திருப்பதி. இனி மறைத்துப் பயனில்லை. படியிலேயே அவள் கையைப் பிடித்தார்.

"ஒன் மேல எனக்கு என்ன வெறுப்பு? எனக்குத்தான் ஒடம்புல கோளாறு. ஐப்பசியிலேருந்து என்னால முடியல. தெரிஞ்சா கேவலமா நெனைப்பியேன்னு ஒவ்வொரு சாமி பின்னாடியா ஒளிஞ்சேன். நீ பக்கத்துல இல்லாம எனக்கு ஒழுங்காத் தூக்கமே வரலடி."

பரிமளாவின் கண் நிறைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள் பிளெஸ்ஸி.

"அட வாங்க சக்தி, செவப்புச் சேல கட்டலேன்னா அடையாளம் தெரியாதா? டாக்டரம்மா குடுத்த களிம்புல அந்த நேரத்து வலி கொறஞ்சிருச்சா? வீட்டுக்காரர்ட்ட சொல்ல வெக்கப்பட்டுத்தான் மாலை போட்டேன்னு அழுதீங்களே, இப்பவாச்சும் அவர... ஐயய்யோ, அன்னைக்கு மாடிக்குப் போன பச்ச வேட்டி சாமி! நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?"