பூட்டுச்சாமியும் ஒரு பெட்டி வெங்காயமும்

கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் விவரம் தெரியாத ஆள். எங்கள் ஊரில் சாமியாரிடம் போனார்கள்.

விடிந்ததும் விடியாததுமாக வரிசை நின்றுவிடும். ஆளாளுக்குக் கையில் ஒரு சிபியூ பெட்டி. சிலர் இடுப்பில் வைத்திருந்தார்கள், சிலர் அதற்குச் சால்வை போர்த்திக் கொண்டு வந்தார்கள். பெட்டிக்குக் குளிருமாம். வரிசையில் வக்கீல் இருந்தார், வங்கி அதிகாரி இருந்தார். அறிவியல் வாத்தியாரும் இருந்தார். படிக்கிற பிள்ளைகள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

இந்த மகிமை பிறந்த கதை சின்னது. தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை. யார் வீட்டிலாவது பெட்டியில் பவர் சப்ளை புகைந்து போனால், கடைக்காரர் புதுசு ஒன்றைப் பொருத்திக் கொடுப்பார். ஒருநாள் அப்படி மாற்றிக்கொண்டு போன பெட்டி வீட்டில் உறுமியது, விசிறி சுற்றியது, ஆனால் திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. அந்த வீட்டுப் பெரியவர் கடைக்கு ஓடி வந்தார்.

"பவர் ஏறுதுங்க. ஆனா பூட் ஆகல" என்றார் கடைக்காரர், தாடையைச் சொறிந்துகொண்டே.

கம்ப்யூட்டர் கண் விழிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். பெரியவர் காதில் விழுந்தது வேறு. "பூட்டா? யாரு பூட்டுனது?"

கடைக்காரர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அன்று சாப்பிடும்போது அக்கா புருஷனிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா புருஷன் சிரிக்கவில்லை. அதுவரை கைரேகை பார்க்கிறேன் என்று பலகை மாட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். அடுத்த வாரமே பலகை மாறியது: 'பூட்டு அவிழ்க்கப்படும்.' ஆளும் மாறினார். பூட்டுச்சாமி ஆனார்.

சாமியின் முறை எளிமையானது. பெட்டியை மேசைமேல் வைப்பார். மின்சாரம் கொடுத்து, பொத்தானை அழுத்தி, காதை ஒட்ட வைத்துக் கேட்பார். திரையெல்லாம் பிறகுதான், அவருக்குக் காதே போதும்.

"மூச்சு இருக்கு. நினைவு இல்ல. உங்க வீட்டு ஆளே பூட்டியிருக்கு."

பிறகு பெட்டி திரைச்சீலைக்குப் பின்னால் போகும். உள்ளே மணி அடிப்பார், அதுவும் காது கிழிகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் பெட்டி வெளியே வரும், திரையோடு சேர்ப்பார்கள், பளிச்சென்று உயிர் வரும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உடைந்த பெட்டி, தண்ணீர் ஊற்றிய பெட்டி என்று வந்தால் மட்டும் "அது விதி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் கையில் அவிழ்வது, பவர் சப்ளை மாற்றிய பெட்டியின் பூட்டு ஒன்றுதான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடுமே!

பூட்டியது யார் என்பதையும் சாமியே சொல்வார். மாடியில் குடியிருப்பவர், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த அத்தை, புதிதாக வந்த மருமகள். வீட்டுக்காரரை ஒருநாளும் சொன்னதில்லை. காணிக்கை வைக்கிற கை அவருடையது அல்லவா.

போட்டோ ஸ்டுடியோக்காரரின் பெட்டி அங்கே போனது இப்படித்தான். பவர் சப்ளை மாற்றி வந்த நாளிலிருந்து திரை கறுப்பு, கல்யாணப் படங்கள் அத்தனையும் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தன. சாமி காதை வைத்தார், கண்ணை மூடினார்.

"வீட்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. அவதான் பூட்டுனது. கனமான பூட்டு, இன்னிக்கு அவிழாது. அவ வாசல் தாண்டிப் போகட்டும், அப்புறம் கொண்டா."

ஆள் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறாரோ, பூட்டு அவ்வளவு கனமாகும். வீட்டுக்கு வந்த ஸ்டுடியோக்காரர் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுல இருந்துட்டு வா. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும்…"

படித்தவர்கள் மூடநம்பிக்கைக்கு வைத்திருக்கும் பெயர் இந்த 'இருந்தாலும்'.

"நான் போனா திரும்பி வர வழி இருக்காதுங்க" என்றாள் அவள். "ராசியில்லாதவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா போதும். நாளைக்குப் பால் பொங்கி வழிஞ்சாலும் நான்தான் காரணம். என் தங்கச்சியைப் பொண்ணு பார்க்க யாராவது வருவாங்களா? யோசிச்சீங்களா?"

அவர் யோசிக்கவில்லை. பரணிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் மாமியார் நுழைகிறார். அவருடைய வாய்க்குத் தெருவே பயப்படும். மருமகள் கிளம்புகிறாள் என்றால் அவர்தான் முதலில் குதித்துக் கொண்டாடுவார் என்று அக்கம்பக்கம் எதிர்பார்த்தது. அவரோ மகனைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், என் மருமகளைக் குறை சொல்ல நான் ஒருத்தி இல்லையா? வெளியாள் எதுக்குடா? அவளுக்குத் துணி மடிக்கத் தெரியாது. எழுந்திரிக்கிறது லேட்டு. ஒரு பாத்திரத்தையும் எடுத்த இடத்துல வைக்கமாட்டா. அதெல்லாம் நான் சொல்வேன், சொல்லிக்கிட்டே இருப்பேன். பூட்டுனான்னு சொல்ல அவன் யாரு?"

மகன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். மாமியார் கதவைச் சாத்தினார்.

"ஸ்குரூ டிரைவரைக் கொண்டு வாடி. நீ என்னதான் பூட்டியிருக்கேன்னு பார்க்கலாம்."

மாமியாரும் மருமகளும் ஒரே இடத்தில் தலையைக் குனிந்தது அந்த வீட்டில் அன்றுதான் முதல்முறை. பெட்டியின் பக்கத் தகடு கழன்றது. உள்ளே ஒயர்கள், தூசு, ஒரு செத்த கரப்பான். பேய் பிசாசு எதுவும் இல்லை.

"இங்க பாருங்க அத்தை. போர்டுல இந்தக் குழி மட்டும் காலியா இருக்கு. நாலு ஓட்டை."

"இதோ ஒரு ஒயர். இதுக்கும் நாலு ஓட்டைதான். இதை மட்டும் எதுக்குடி பச்சை டேப்பு சுத்தி, மடிச்சு, பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கான்?"

மருமகள் டேப்பைப் பிரித்தாள். மின்சாரம் இல்லாமல் ஒயரைக் குழியில் அழுத்தினாள், 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. பிறகு மின்சாரம் கொடுத்து, பொத்தானைத் தட்டினாள். திரையில் வெளிச்சம் வந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அவர்கிட்டச் சொல்லிட்டு வந்துடறேன் அத்தை!"

"நில்லுடி. இப்ப போய்ச் சொன்னா என்ன சொல்வான்? சாமி பார்வை பட்டுச்சு, பூட்டு தானா அவிழ்ந்துச்சும்பான். பேரு அந்தச் சாமிக்குப் போகும், பழி உனக்கு நிக்கும். உன் பேரைக் கூட்டத்துல கெடுத்திருக்கான். கூட்டத்துலதான் கழுவணும். பழையபடி பிடுங்கி டேப்பைச் சுத்து."

மறுநாள் மகன் ஸ்டுடியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பெண்டாட்டி பையோடு வாசலில் நிற்பதைப் பார்த்து, அம்மா வீட்டுக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பெண்கள் இருவரும் இன்னொரு பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தார்கள். ஸ்டுடியோ மூலையில் கிடந்த பழைய பெட்டி அது. சாமியின் மேசையில் அதைத்தான் முதலில் இறக்கினார்கள்.

"இதைப் பாருங்க சாமி, அப்புறம் அதைப் பார்க்கலாம். இதுவும் பூட் ஆகல" என்றார் மாமியார், பயபக்தியோடு.

சாமி ஒயரைச் செருகினார். செருகுவதற்கு முன்பிருந்தே உள்ளே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. சாமி போட்டிருந்த சாம்பிராணிப் புகையில் எல்லார் கண்ணும் எரிந்துகொண்டிருந்தது.

"மூச்சு இருக்கு" என்றார் சாமி. "நினைவு இல்ல."

"யாரு பூட்டுனது சாமி?"

"பக்கத்துல நிக்கிறாளே, இவதான். பெட்டியோட மூளையைக் கட்டிப்போட்டிருக்கா. உள்ளே பொறாமை உருண்டு கிடக்குது, என் கண்ணுக்குத் தெரியுது."

"எனக்கும் தெரியட்டுமே சாமி. திறந்துடவா?"

"அவிழ்க்காமத் திறந்தா ரத்தம் கக்குவே!"

"இந்த வயசுல கக்கினா என்ன?" என்று சொல்லிக்கொண்டே மாமியார் தகட்டைப் பிடித்து இழுத்தார்.

வெங்காயம்! மேசையில் கொட்டி, தரையில் உருண்டு, வக்கீலின் காலடி வரை ஓடியது. பழைய பவர் சப்ளையைத் தவிர வேறொன்றும் இல்லாத பெட்டிக்கு நடுவே, மணப்பெண்ணுக்கு மேக்கப் கலையாமல் இருக்க ஸ்டுடியோவில் வைத்திருக்கும் பேட்டரி விசிறி மட்டும் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுல மூளை எது சாமி? இந்தச் சின்னதா, அந்தப் பெரிசா? பொறாமைன்னீங்களே, அது தோலோடவா, உரிச்சா?"

கூட்டம் குலுங்கியது. ஆனால் சாமி லேசில் விடுகிற ஆளா? "வெங்காயத்துலயும் பூட்டு போடுவாங்க!" என்று கத்தினார். நீங்கள் நம்பமாட்டீர்கள், சிலர் தலையாட்டினார்கள். ஏமாந்துவிட்டோம் என்று ஒத்துக்கொள்வது பல் பிடுங்குவதைவிட வலி.

அப்போதுதான் மருமகள் புருஷன் கையிலிருந்த பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள்.

"எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. நான் போட்ட பூட்டு இதுதானாம்."

பச்சை டேப்பைப் பிரித்தாள். நாலு ஓட்டை ஒயரை நாலு ஓட்டைக் குழியில் அழுத்தினாள். சாமி எதற்காகவோ மணியை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். மின்சாரம் கொடுத்தாள். சாமியின் சொந்தத் திரையிலேயே யாரோ ஒரு மணப்பெண் பல் தெரியச் சிரித்தாள்.

"உங்க பெட்டியையும் திறந்து பாருங்க" என்றாள். "மந்திரம் எதுவும் வேண்டாம்."

முதலில் வக்கீல் திறந்தார். பச்சை டேப். வங்கி அதிகாரி திறந்தார். பச்சை டேப். அறிவியல் வாத்தியார் குடையை மடக்கிவிட்டுத் திறந்தார். அதே பச்சை டேப். முதல் பெட்டியில் கடைக்காரர் அந்த ஒயரைச் செருக மறந்துதான் போயிருந்தார். அடுத்தடுத்த பெட்டிகளில் ஞாபகமாக மறந்திருந்தார். தெருமுனையில் கடை ஷட்டர் தடதடவென்று இறங்கியது. திரும்பிப் பார்த்தால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது, சாமியைக் காணோம். பின்கதவுக்குப் பூட்டு இல்லை.

ஸ்டுடியோக்காரர் அசடு வழியப் பக்கத்தில் வந்தார். "வா, வீட்டுக்குப் போகலாம்."

"வர்றேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் அவள். கூட்டமும் கேட்டுக்கொண்டிருந்தது. "பெட்டியைத் திறந்து பார்க்க வீட்டுல ஸ்குரூ டிரைவர் இருந்துச்சு. என்னைக் கேட்க உங்களுக்கு வாய் இருந்துச்சு. ரெண்டையும் விட்டுட்டு இவன்கிட்ட ஏன் வந்தீங்க?"

அவர் குனிந்து வெங்காயம் பொறுக்க ஆரம்பித்தார். கையில் பெட்டியோடு நின்றவர்களும் கூடவே குனிந்தார்கள். வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்ப ஒரு நிமிஷம் யோசிக்காதவர்கள், பெட்டியில் ஒரு திருகாணியைக் கழற்ற மட்டும் சாமியிடம் உத்தரவு கேட்கிறார்கள். கழற்றிப் பாருங்கள் அய்யா. உள்ளே பேய் இருந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.